உதையைத் தாங்கும் தோள்: குறுங்குழல் றைபிளும் குழல்வாய்த் தடையும் பற்றி மலைநாட்டிலிருந்து ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக அற்றனை நோக்கி ஏறும் வீதியில், வெப்பம் தணிந்து மூடுபனி தொடங்கும் இடத்தில் கினிகத்தேனை அமைந்துள்ளது. சிங்களத்தில் ‘கினி’ என்பது நெருப்பு. ‘நெருப்பு எடுத்த இடம்’ என இவ்வூர்ப் பெயரைப் பிரித்துப் பொருள் கூறுவது வழக்கு. இலங்கையில் மிகக் கூடிய மழை பெறும் பகுதிகளுள் ஒன்று நெருப்பின் பெயரைத் தாங்கி நிற்பது ஒருபுறமிருக்க, நெருப்பைக் குழலில் அடைத்துப் பயன்படுத்தும் கருவியொன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோனுக்கு இவ்வீதி ஏற்ற தொடக்கமாக அமைகின்றது. கோப்பித் தோட்டங்களுக்காக யானைகளைக் கொன்ற துவக்கும், போர்க்காலத்தில் காட்டுக்கென வடிவமைக்கப்பட்ட குறுங்குழல் றைபிளும், தொழிலாளரை நோக்கி நீட்டப்பட்ட பொலிசாரின் துப்பாக்கியும் இம்மலைகளின் வரலாற்றோடு ஏதோவொரு வகையில் தொடர்புற்றவை.

மலையக வரலாற்றை எழுதுவோர் காணி, கூலி, வாக்குரிமை ஆகியன பற்றி விரிவாக எழுதியுள்ளனர், அது வேண்டியதே. ஆயினும் கருவிகளின் வரலாறும் சமூக வரலாறே. கவ்வாத்துக் கத்தியைப் பற்றியும் கொழுந்துக் கூடையைப் பற்றியும் எழுதுவது எவ்வாறு தகுமோ, அவ்வாறே துவக்கைப் பற்றி எழுதுவதும் தகும். இக்கட்டுரை அதன் ஒரு சிறு உறுப்பை மட்டுமே எடுத்துக்கொள்கின்றது. ஆங்கிலத்தில் ‘மசில் பிரேக்’ எனப்படும், குழலின் வாயிற் பொருத்தப்படும் துளையிட்ட உருளையே அது. இங்கு அதனைக் குழல்வாய்த் தடை எனக் குறிப்போம். குறுகிய குழலையுடைய றைபிளுக்கு இத்தடை வேண்டுமா, வேண்டுமாயின் எவ்வகையானது என்ற கேள்வி, மேலோட்டமாக நோக்கின் பொறியியற் கேள்வி மாத்திரமே. சற்று ஆழ்ந்து நோக்கின், வெடிப்பின் உதையை யார்மீது சுமத்துவது என்னும் கேள்வி அதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஈழத்துத் தமிழில் ‘துவக்கு’, தமிழகத்தில் ‘துப்பாக்கி’, சிங்களத்தில் ‘துவக்குவ’ என வழங்குவன யாவும் துருக்கிய மொழியின் ‘துபெக்’ என்னும் மூலத்தோடு தொடர்புற்றவை. கருவி எத்தனை கைமாறி இங்கு வந்து சேர்ந்தது என்பதற்குச் சொல்லே சான்று. ஆனால் அது சுடுபவனுக்குச் செய்வதைக் குறிக்க நாம் சொல்லைக் கடன்பெறவில்லை. ‘உதைக்கும்’ என்றே கூறுகின்றோம். மாடு உதைப்பது போலத் துவக்கும் உதைக்கின்றது. இவ்வுதைதான் நம் பொருள்.

பள்ளிக்கூடப் பௌதிகத்தில் கற்பிக்கப்படும் நியூற்றனின் மூன்றாம் விதியே உதையின் அடிப்படையாகும். குண்டு முன்னோக்கிச் செல்லும்போது, அதற்குச் சமனான உந்தத்தோடு துவக்குப் பின்னோக்கி வருகின்றது. இதுவரை யாவரும் அறிவர். பலர் கவனியாதது, குழலிலிருந்து வெளியேறுவது குண்டு மட்டுமன்று என்பதாகும். எரிந்த வெடிமருந்தின் வாயுவும் குண்டைத் தொடர்ந்து, அதனிலும் கூடிய வேகத்தோடு வெளியேறுகின்றது. இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானியப் படை பயன்படுத்திய .303 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் நிறை ஏறத்தாழ 11.3 கிராம், மருந்தின் நிறை ஏறத்தாழ 2.4 கிராம். நிறையில் மருந்து குண்டின் ஐந்திலொரு பங்கேயாயினும், அதன் வாயு வெளியேறும் வேகங் காரணமாக மொத்த உதையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்குக்கு அதுவே பொறுப்பாகின்றது.

உதையைத் தணிக்க மூன்று வழிகளே உள்ளன. துவக்கைப் பாரமாக்கலாம், பாரம் கூடக் கூடப் பின்னோக்கும் வேகம் குறையும். தோளுக்கும் கட்டைக்கும் இடையில் மெத்தையிடலாம். இது உதையைக் குறைப்பதில்லை, அதன் கூர்மையை மட்டுமே தணிக்கும். மூன்றாவது வழி, வெளியேறும் வாயுவைப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ திருப்பி, துவக்கை முன்னிழுக்கச் செய்வது. இதுவே குழல்வாய்த் தடை. அது வாயுவின் பங்கின் மீது மட்டுமே செயற்பட முடியும். குண்டினால் விளையும் பங்கை நேரே தொடமுடியாது. ஆதலால் தடை எவ்வளவு திறமையாக அமைக்கப்பட்டாலும் உதையை முற்றாக நீக்கிவிடும் என்பது விற்பனைக்காரரின் பேச்சேயன்றி வேறன்று.

குழல் குறுகும்போது நிலைமை சிக்கலாகின்றது. நீண்ட குழலில் வாயு விரிந்து தன் அமுக்கத்தைப் பெருமளவு இழந்த பின்னரே வெளியேறும். குறுங்குழலில் அவ்விரிவுக்கு இடமில்லை. குண்டு வாயைக் கடக்கும் கணத்தில் அமுக்கம் உயர்ந்தேயிருக்கும். இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, தடை தொழிற்படுவதற்குக் கூடிய வாயு கிடைக்கின்றது. எனவே குறுங்குழலில் தடையின் பயன் கூடுகின்றது. மற்றையது, ஓசையும் சுவாலையும் பெருகுகின்றன. தடை அவற்றைப் பக்கவாட்டில் எறிகின்றது. சுடுபவனின் தோளுக்கு இதமாவது அவன் காதுக்கும், அருகில் நிற்பவனின் முகத்துக்கும் கேடாகின்றது. சக்தி அழிவதில்லை, திசைதான் மாறுகின்றது. இக்கட்டுரையில் இனி வருவன யாவும் இவ்வொரு பௌதிக உண்மையின் சமூக விளக்கமே எனலாம்.

முதல் வழியான பாரத்தின் வரலாற்றை நுவரெலியாவிலேயே காணலாம். சாமுவேல் பேக்கர் 1848 இல் அங்கு ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவ முற்பட்டு, 1855 வரை தங்கியிருந்தார். பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று ‘சேர்’ பட்டம் பெற்றவர் இவரே. இலங்கையில் அவர் வேட்டையாடிய காலத்தைப் பற்றிய ‘றைபிளும் வேட்டைநாயும் இலங்கையில்’ என்னும் பொருள்படும் நூல் 1850களில் வெளிவந்தது. வேட்டைக்காரனின் தற்புகழ்ச்சி நிறைந்த நூலாயினும், துவக்கைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பது பற்றி அதில் அவர் காட்டும் அக்கறை ஒரு பொறியியலாளனுடையதை ஒத்தது. பிறிஸ்ரல் நகரக் கம்மியர் கிப்ஸ் 1840 இல் அவருக்கெனச் செய்தளித்த றைபிளின் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டின் நிறை 3 அவுன்சு. மருந்து 16 திறாம், அதாவது ஓர் அவுன்சு. குண்டின் மூன்றிலொரு பங்கு நிறைக்கு மருந்து! மேலே கண்ட .303 தோட்டாவில் அது ஐந்திலொரு பங்கே என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் உதையின் கடுமை விளங்கும். குண்டை விடத் துவக்கு 96 மடங்கு பாரமாக இருத்தல் வேண்டும் என்றொரு விதி பிற்காலத்தில் பிரித்தானியக் கம்மியரிடையே வழங்கலாயிற்று. பேக்கரின் துவக்கு 112 மடங்கு. அனுபவம் விதிக்கு முந்தியது.

பின்னாளில் ஆபிரிக்காவில் பேக்கர் அரை இறாத்தல் நிறையுள்ள வெடிகுண்டைச் சுடும் துவக்கொன்றை வைத்திருந்தார். அதன் நிறை ஏறத்தாழ 20 இறாத்தல். அறபுக்கள் அதனைப் ‘பீரங்கியின் பிள்ளை’ என அழைத்தனர். அதனைச் சுடும்போது தாம் காற்றில் அகப்பட்ட திசைகாட்டியைப் போலச் சுழன்றுபோனதாக அவரே எழுதியுள்ளார். குண்டு ஏறியும் பாரம் ஏறவில்லை. விளைவை அவர் தோள் அறிந்தது.

இங்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று. 21 இறாத்தல் நிறையுள்ள இரும்பை நுவரெலியாவின் செங்குத்தான சரிவுகளிலும் அட்டை நிறைந்த காடுகளிலும் சுமந்தவர் யார்? அக்காலத்துத் துவக்குகள் வாய்வழியாக மருந்திடப்படுபவை. ஒரு வெடிக்குப் பின் மீண்டும் நிரப்ப நேரமாகும். ஆதலால் வேட்டைக்காரனின் பின்னால் துவக்குச் சுமப்போர் பலர் நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் மருந்திட்ட துவக்கொன்று ஆயத்தமாக இருக்கும். யானை பாய்ந்து வரும்போது அத்துவக்கை நீட்டுவது அவர்கள் கடமை. அவ்வேளையில் ஓடாதிருப்பதும் கடமை. உதையைத் தணிப்பதற்கு ஐரோப்பியன் தெரிவு செய்த வழி பாரம் என்றால், அப்பாரத்தைச் சாத்தியமாக்கியது மலிவான மனித உழைப்பாகும். துரையின் தோள் நோகாதிருக்க வேறொருவரின் தோள் நொந்தது. வேட்டை நூல்களின் சித்திரங்களில் இச்சுமப்போர் பின்புலமாக வருவர். துவக்கின் நிறை எழுதப்படும் அளவுக்குக்கூட அவர்களின் கூலி எழுதப்படுவதில்லை.

யானை வேட்டையைப் பொழுதுபோக்காகவே நோக்குவதும் தவறு. காடழித்துக் கோப்பியிடும் முயற்சிக்கு யானை இடையூறு. ஆதலின் கொன்ற யானைக்கு அரசாங்கமே வெகுமதியளித்தது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்துள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851 க்கும் 1856 க்குமிடையில் தென்மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். 1,400 யானைகளுக்கு மேற் கொன்றதாகக் கூறப்படும் மேஜர் றொஜர்ஸ், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இடி மின்னலைக் கையிற் பிடித்துத் திரிந்தவரின் முடிவு அது எனத் தோட்ட மக்கள் கூறியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

பேக்கர் நுவரெலியாவுக்கு வருவதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே, மூன்றாம் வழி பிரான்சிற் பரீட்சிக்கப்பட்டிருந்தது என்பது சுவையான செய்தி. 1840களின் தொடக்கத்தில் திறெயி த பொலியே என்னும் பீரங்கிப்படை அதிகாரி, பீரங்கியின் வாயருகே சாய்வான துளைகளையிட்டு, வாயு அவற்றின் வழியே பின்னோக்கி வெளியேறச் செய்து, உதை குறைவதைக் காட்டினார். ஆயினும் புகை கக்கும் கருமருந்தின் காலத்தில் இது கைத்துவக்குக்கு வந்து சேரவில்லை. கருமருந்தின் பெரும்பகுதி வாயுவாக மாறாமல் கசடாகவும் புகையாகவும் எஞ்சும், துளைகள் அடைபட்டுவிடும். புகையற்ற மருந்து 1880களின் நடுப்பகுதியில் வந்த பின்னரே, குழல்வாயில் நுண்ணிய வேலை செய்வதற்கு இடம் ஏற்பட்டது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையணிக் கேணல் கட்ஸ் அமைத்த கருவி 1920களின் பிற்பகுதியில் தொம்சன் துப்பாக்கியிற் பொருத்தப்பட்டது. அது வாயுவை மேல்நோக்கி விட்டுக் குழல் எழும்புவதைத் தடுத்தது. பிரித்தானியரும் இவ்வித்தையை அறியாதவரல்லர். 1937 இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட ‘பொய்ஸ்’ என்னும் தாங்கியெதிர்ப்பு றைபிள் 16 கிலோ நிறையுடையதாயிருந்தும், அதன் வாயில் தடையொன்றைப் பொருத்தியே படையினரிடம் கொடுக்கவேண்டியிருந்தது. அப்போதும் அதைச் சுட்டவர்கள் அதனை விரும்பினார்கள் எனக் கூறமுடியாது.

இப்பின்னணியில் 1944 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஏப்ரலில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டது. மவுண்ட்பேற்றன் பிரபுவின் அலுவலகங்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அமைந்தன. பர்மியக் காடுகளில் நடைபெற்ற போர், பேராதனையின் மூங்கிற் புதர்களின் நிழலிலிருந்து நடத்தப்பட்டது. அதே காலத்திலேயே, காட்டுப் போருக்கென லீ-என்பீல்ட் றைபிளின் குறுகிய வடிவமொன்று இங்கிலாந்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ‘ஐந்தாம் இலக்க றைபிள்’ என்பது அதன் உத்தியோகபூர்வப் பெயர். ‘ஜங்கிள் காபைன்’ எனவே அது புகழ்பெற்றது. போர் முடியும் தறுவாயிலேயே பெருமளவில் வழங்கப்பட்டது. 1947 வரை உற்பத்தி செய்யப்பட்டது.

அதன் முன்னோடியான நான்காம் இலக்க றைபிளின் குழல் 25.2 அங்குலம், நிறை ஏறத்தாழ 4.1 கிலோ. புதியதன் குழல் 19 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. நிறை ஏறத்தாழ 3.2 கிலோ. குழல் குறுக்கப்பட்டது, இரும்பு சுரண்டப்பட்டது, மரம் வெட்டப்பட்டது. தோட்டா மட்டும் மாறவில்லை. அதே குண்டு, அதே மருந்து, ஒரு கிலோ அளவு குறைந்த துவக்கு. பேக்கர் பாரத்தினால் விலைக்கு வாங்கியதை இவர்கள் விற்றுவிட்டனர். தோளிற் படும் உதையின் சக்தி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடியது எனக் கணக்கிடலாம்.

ஆகவே வடிவமைப்பாளர் முன் நின்ற கேள்வி, இக்கட்டுரையின் தலைப்பிலுள்ள கேள்வியே: குறுங்குழல் றைபிளின் வாயில் எதைப் பொருத்துவது? தடையைப் பொருத்தியிருக்கலாம், பொய்ஸ் றைபிளில் அதைச் செய்து பழகிய கைகள்தாம். அவர்கள் தெரிவு செய்தது தடையையன்று, கூம்பு வடிவான சுவாலை மறைப்பானை. காட்டின் அரையிருளில் குறுங்குழலின் சுவாலை சுடுபவனின் கண்ணைக் கூசச் செய்யும். எதிரிக்கு அவன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். கூம்பு வாயுவை விரியவிட்டுச் சுவாலையை மங்கச் செய்கின்றது. ஆனால் உதையை அது குறைப்பதில்லை. முன்னோக்கி விரியும் கூம்பு என்ற முறையில், தத்துவப்படி நோக்கின், சற்றே கூட்டவுங்கூடும். உதைக்கு மாற்றாகக் கட்டையின் அடியில் இறப்பர் மெத்தையொன்று வைக்கப்பட்டது. அதுவும் கட்டையின் முழு அகலத்துக்கு இல்லாமல் ஒடுங்கியிருந்தமையால், உதை தோளின் சிறிய பரப்பிற் குவிந்தது. மெத்தை காலப்போக்கில் இறுகியும் போயிற்று. சுட்டவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் இதைப் பற்றியதே.

இத்தெரிவு தவறானதா? படைத்துறை நோக்கிற் பார்த்தால் தவறென்று கூறிவிட இயலாது. காட்டில் படையினர் வரிசையாக, ஒருவரையொருவர் நெருங்கிச் செல்வர். தடை வாயுவைப் பக்கவாட்டில் வீசும். அருகிலுள்ளவனின் காது செவிடுபடும். நிலத்தில் படுத்துச் சுடும்போது சருகும் மண்ணும் எழுந்து கண்ணை மறைக்கும். கூம்பு இத்தீமைகளைச் செய்வதில்லை. எனவே அணியின் நலனுக்காகத் தனியொருவனின் தோள் பலியிடப்பட்டது எனலாம். அது நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது: அத்தோள் யாருடையது? பர்மியப் போர்முனையிற் போரிட்ட பதினான்காம் படையின் பெரும்பகுதியினர் இந்தியத் துணைக்கண்டத்தவரும் ஆபிரிக்கருமாவர். வரைபலகையில் முடிவெடுத்தவர்களின் தோள் அவற்றுள் இருக்கவில்லை.

குறியிட்ட இடம் நிலையாய் நில்லாமல் அலைகின்றது என்பதே இத்துவக்கின் உற்பத்தியை நிறுத்துவதற்கு உத்தியோகபூர்வமாகக் கூறப்பட்ட காரணம். பிற்காலத்தில் அதை ஐயுறுவோரும் உளர். எவ்வாறாயினும், இலங்கையிலிருந்து கட்டளையிடப்பட்ட பர்மியப் போர் பின்னர் திரைப்படமாக இலங்கைக்கே திரும்பி வந்தது. 1957 இல் வெளியான டேவிட் லீனின் குவாய் ஆற்றுப் பாலப் படம் பெரும்பாலும் கினிகத்தேனைக்குக் கீழேயுள்ள கித்துல்கலையிலேயே எடுக்கப்பட்டது. களனி கங்கை குவாய் நதியாயிற்று. அப்படத்தில் துயருறுவோர் பிரித்தானியப் போர்க் கைதிகள். அதே சயாம்-பர்மா புகையிரதப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் அதில் இல்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைகளின் அடியிலேயே அப்படம் எடுக்கப்பட்டது என்பதே இதிலுள்ள கசப்பு.

ஜங்கிள் காபைன் உண்மையில் தன் பணியைச் செய்தது மலாயாவிலேயே. 1948 இல் அங்கு அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்ட பின் இறப்பர்த் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் அது பரவலாகப் பயன்பட்டது. தொழிற்சங்க இயக்கத்தை ஒடுக்குவதும் அந்நடவடிக்கையின் பகுதியாயிருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார். ஒரு பக்கத்தில், உதை கூடியது என முறையிடும் படைவீரன் கையிலுள்ள றைபிள்; மறுபக்கத்தில், கையில் ஓர் ஆயுதம் இருந்தது என்பதற்காக உயிரிழக்கும் தொழிற்சங்கவாதி.

குறுங்குழலின் கேள்வி பிரித்தானியரோடு முடிந்துவிடவில்லை. சோவியத் ஒன்றியம் 1974 இல் ஏற்றுக்கொண்ட ஏகே-74 றைபிளின் வாயில் பெரியதொரு தடை அமைந்தது; அதன் உதை வியக்கத்தக்க அளவு சிறிதென யாவரும் ஒப்புவர். அதையே மிகக் குறுக்கி, எட்டங்குலம் வரையான குழலோடு வாகனச் சாரதிகளுக்கும் பிறருக்கும் வழங்கியபோது, அத்தடையை அப்படியே வைக்கமுடியவில்லை. அதனிடத்தில் வாயு விரியும் அறையும் கூம்புமாக அமைந்த வேறொன்று வந்தது. குழல் மிகக் குறுகிய நிலையில் உதையைக் காட்டிலும் சுவாலையும் ஓசையும், துவக்கு ஒழுங்காகத் தொழிற்படுவதற்கு வேண்டிய வாயுவின் அமுக்கமுமே முதன்மை பெறுகின்றன. முப்பதாண்டுகளின் முன் ஜங்கிள் காபைனை வரைந்தவர்கள் வந்தடைந்த முடிவுக்கு, வேறொரு சமூக அமைப்பின் பொறியியலாளரும் ஏறத்தாழ வந்தடைந்தனர். பௌதிகத்துக்கு வர்க்கமில்லை, அதன் பயன்களைப் பங்கிடுவதற்கே உண்டு.

இன்று, தனியார் துப்பாக்கி வைத்திருக்கும் நாடுகளில், குறுங்குழல் றைபிளுக்குத் தடையைத் தெரிவு செய்வோர் கருத்திற் கொள்ளுமாறு கூறப்படுவனவும் இவையே. சிறு குண்டைச் சுடும் துவக்கில் உதை ஏற்கெனவே சிறிது. அங்கு தடையால் வரும் இலாபம் அற்பம், வரும் இரைச்சல் பெரிது. பெருங் குண்டைச் சுடும் துவக்கிலோ தடை தன் விலையைத் தரும். பக்கவாட்டில் வாயுவை விடும் தடை உதையைக் கூடுதலாகக் குறைக்கும். மேல்நோக்கி விடுவது குழல் எழும்புவதை அடக்கும். கீழ்நோக்கித் துளையிட்டால் புழுதி கிளம்பும். றைபிளின் வெடியோசை தடையில்லாமலே 140 டெசிபெல் என்னும் அபாய எல்லையை எளிதிற் கடந்துவிடும். தடை சுடுபவனின் காதருகே அதை மேலும் சில டெசிபெல் உயர்த்துகின்றது. டெசிபெல் மடக்கை அளவாதலின் ‘சில’ என்பது சிறிதன்று. காதுக்கு மூடியிடாமல் இதனைப் பயன்படுத்தலாகாது என்பது உடன்பாடான கருத்து. மூடியிட்டவன் சுடுபவன்; அருகில் நிற்போர் எல்லோரும் மூடியிட்டிருப்பார்கள் என எதிர்பார்த்தல் இயலாது.

மீண்டும் நம் வீதிக்கு வருவோம். தோட்டத்தில் துவக்கு யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு விடை கடினமானதன்று. 1900 இல் தொடங்கி 1949 இற் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமாரின் றைபிள் படையணி, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐரோப்பியத் துரைமாருக்கு றைபிளும் பயிற்சியும் அளித்தது. போயர் போருக்கும் கலிப்பொலிக்கும் அவர்கள் சென்றனர். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்துக்கும் இராணுவச் சட்டத்துக்கும் அடுத்த ஆண்டிலே, 1916 இன் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாயிற்று. பங்களாவில் துவக்கு இருந்தது, லயத்தில் இருக்கவில்லை. லயத்து மக்கள் துவக்கை அறிந்தது பெரும்பாலும் அதன் வாயின் முன்னால் நின்றே.

1940 சனவரியில், ஹேவாஹெற்றைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதையொட்டி விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது, மந்திரிசபையே நெருக்கடிக்குள்ளாயிற்று. 1977 மே 11 ஆந் திகதி, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகளில் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்தெடுக்கும் முயற்சிக்கு எதிரான போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். டெவன், கினிகத்தேனையிலிருந்து அற்றனைத் தாண்டித் தலவாக்கலைக்குச் செல்லும் இதே வீதியின் அருகில் உள்ளது. சுட்ட துவக்கின் உதை எத்தன்மையது என எவரும் ஆராயப் போவதில்லை. சுட்டவரின் தோளில் அது ஒரு நாள் நோவாக இருந்திருக்கலாம். உந்தம் சமமானது என்கிறது பௌதிகம். சமமானது உந்தம் மட்டுமே.

இறுதியாக, உதையைத் தாங்கத் தோளே தேவைப்படாத துவக்கொன்றும் இந்நாட்டில் உண்டு. ‘கட்டுத்துவக்கு’ என்பர். இடியன் துவக்கின் இனத்தைச் சேர்ந்த, உள்ளூரிற் செய்யப்பட்ட குழலொன்றை மரத்திலோ முளையிலோ கட்டி, காட்டுப்பன்றி வரும் ஒற்றையடிப் பாதையை நோக்கி வைத்துவிடுவர். அது சட்டவிரோதமானது, ஆயினும் பயிரை இழக்கும் ஏழை விவசாயியின் கையில் அகப்படும் ஆயுதம் அதுவே. சுருக்குக் கம்பியும் அவ்வாறே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கரும்புலியொன்று சுருக்கில் அகப்பட்டு, மூன்று நாளின் பின் இறந்தபோது, நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசிற்று. கட்டுத்துவக்கு பற்றி அவ்வளவு பேச்சில்லை. அதற்குக் குழல்வாய்த் தடையுமில்லை, சுவாலை மறைப்பானுமில்லை, இறப்பர் மெத்தையுமில்லை. அதன் உதையை மரம் வாங்கிக்கொள்ளும். பன்றியின் உயரத்துக்கு நோக்கி வைக்கப்பட்ட அதன் வெடி, விறகுக்கும் தேனுக்கும் காட்டோரம் செல்பவர்களின் காலிலே, பெரும்பாலும் முழங்காலுக்கு அண்மையில், படுகின்றது. கட்டியவன் அப்போது அங்கு இருப்பதில்லை.